பெரிய நாக்குக்கு நானூறு மைக்ரோகிராம்

அந்தத் தேயிலைத் தரகுக் கம்பெனியில் எல்லாரையும் உத்தியோகப் பெயரால் கூப்பிடுவார்கள். சுவை பார்க்கிறவர் மட்டும் விலக்கு. அவருக்குப் 'பெரிய நாக்கு' என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக, ஏலத்துக்குப் போகிற ஒவ்வொரு 'லாட்' சரக்கும் அவர் நாக்கில் ஏறி, துப்புத் தொட்டியில் இறங்கி, அதற்குப் பிறகுதான் விலை என்ற ஒன்றைப் பெறும். தம்மை ஒரு மனிதர் என்று அவர் நினைத்துக்கொண்டது கொஞ்சம்; நாக்கு என்று நினைத்துக்கொண்டதே அதிகம். ஊரில் மற்ற எல்லாருக்கும் வாயில் இருப்பது சோற்றைப் புரட்டிவிடுகிற அகப்பை என்பது அவருடைய தீர்மானம்.

இந்த நாக்கை அவர் பச்சைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது, புளிப்பான பழம் ஆகாது. பருப்பு நாக்கில் மாவு பூசும், அதுவும் ஆகாது. கீரை என்றால் அதன் பச்சை வாடை இரண்டு நாளைக்கு மேலண்ணத்தில் குடியிருக்கும் என்று ஒரு பிரசங்கமே செய்வார். வெள்ளை ரொட்டி, வெள்ளைச் சோறு, பால், இரண்டு தரம் வேகவைத்து இரண்டு தரமும் தண்ணீரைக் கொட்டிய காய் ஏதாவது ஒன்று, இவ்வளவுதான் சாப்பாடு. அவர் மனைவி அந்தக் காயைத் தட்டில் வைக்கும்போது அது இன்ன காய் என்று அவளுக்கே அடையாளம் தெரியாது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவனுக்கு 'அடுத்த நாக்கு' என்று பெயர். நாற்பது வயது. மதியம் மேசை ஓரத்திலேயே டப்பாவைத் திறந்து, வேகவைத்த பயற்றில் பச்சை வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிடுவான். பெரிய நாக்கு அந்த நேரத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். வாத்தியக்காரன் ஒருவன் தன் வீணையில் யாரோ துணி துவைப்பதைப் பார்க்க நேர்ந்தால் எப்படி நிற்பான், அப்படி.

வினை மூன்று மாதத்துக்கு முன்னால் தொடங்கியது. முதலில் நாக்கின் ஓரம் எரிந்தது. பிறகு நாக்கு முழுதும் சிவந்து, மேலே இருக்கும் சொரசொரப்பெல்லாம் போய், துடைத்த பளிங்கு மாதிரி வழவழவென்று ஆனது. அதன் பிறகு சுவையும் போய்விட்டது. ஒரு நாள் காலையில் முப்பது கப்பை வரிசையாக உறிஞ்சித் துப்பினார், முப்பதும் வெந்நீர். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. அதை வயசு என்று ஒதுக்கினார். நாக்கை அப்படி ஒதுக்க முடியுமா?

ஒதுக்கவில்லை. சமாளித்தார். அவருடைய தகப்பனார் பழைய இரும்பு வாங்கி விற்றவர். எதிராளியின் முகத்தைப் படித்தே மூன்று மாடி வீடு கட்டியவர். அந்த வித்தை மகனுக்கும் ஒட்டியிருந்தது. அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் சின்னவர் உறிஞ்சுவார், பிறகு பெரியவர். பெரியவர் துப்பிய பிறகே சின்னவர் தன் சீட்டில் விலை எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பெரியவர் தன் விலையைச் சொல்வார், சின்னவர் தான் எழுதியதை வாசிப்பார். அந்த இரண்டும், இரண்டுக்கும் நடுவே எடுத்த ஒன்றும் பதிவேட்டில் ஏறும். பெரிய நாக்கு என்ன செய்தார் என்றால், அடுத்த நாக்கு உறிஞ்சும்போது அவன் முகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மூக்கு விரிந்தால் நல்ல சரக்கு. உதடு கோணினால் மட்டம். ஒன்றும் அசையாவிட்டால் நடுத்தரம். அதன்படி புருவத்தைத் தூக்கியோ இறக்கியோ, கப்பை உறிஞ்சித் துப்பி, விலையைச் சொல்வார். இரண்டு மாதமாக ஒரு குறையும் வரவில்லை. ஏலத்தில் வாங்குகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனார்கள். அவர்களுக்கும் அகப்பைதானே.

அப்போதுதான் முதலாளிகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை. முப்பது கப், அதில் சில திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொருவரும் தனித்தனி அறையில், தலைமை ஆபீஸ் ஆட்கள் முன்னால் சுவைத்து விலை எழுத வேண்டும். சரியாக எழுதியது இருபத்துநாலுக்குக் கீழே போனால் மேசையில் இடமில்லை. முதல் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது.

தனி அறையில் யார் முகத்தைப் பார்ப்பது?

அன்றைக்குச் சாயங்காலமே டாக்டரிடம் போனார். டாக்டர் அவர் மகள் வயதுப் பெண். அதுவே அவருக்குப் பாதி இளப்பம். அவள் நாக்கை நீட்டச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த நாக்கை ஒருத்தி மரியாதை இல்லாமல் குச்சியால் அமுக்கினாள். ரத்தம் எடுத்தாள். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டு, சிவப்பணுக்கள் வீங்கிப் பெருத்திருக்கின்றன, ஃபோலேட் என்ற சத்து அடிமட்டத்தில் இருக்கிறது என்றாள். கீரையிலும் பருப்பிலும் பயற்றிலும் பழத்திலும் இருக்கிற சத்து அது. உடம்பில் தினம் தினம் புதிதாகப் பிறக்கிற அணுக்களுக்கு அது வேண்டும். நாக்கின் தோலும் சில நாளுக்கு ஒருமுறை புதுசாகப் பிறக்கிற ஜாதிதான் என்று விளக்கினாள். பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் பெருமையாகச் சொன்னார். அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

"நாக்கக் காப்பாத்துறேன்னு நாக்கப் பட்டினி போட்டிருக்கீங்க சார்."

அவருக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டார். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு நானூறு மைக்ரோகிராம் என்றாள் டாக்டர். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் போட்டால் அதில் ஒரு பங்கு. பெரிய நாக்குக்குச் சிரிப்பு வந்தது. கப்புக்கு இரண்டேகால் கிராம் தூள் என்று இருபத்திரண்டு வருஷம் நிறுத்தவர் அவர். நானூறு மைக்ரோகிராம் என்பது தராசுத் தட்டில் போட்டால் தராசுக்கே தெரியாது. நாலைந்து உப்புப் பொடி. இதற்காகவா ஒரு உடம்பு குப்புற விழும்?

அடுத்து அவர் செய்தது, அவர் பிறந்த குடும்பத்தார் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவர்கள் வீட்டில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது ஆரம்ப விலை. ரயில் ஆறு மணிக்கு என்றால் ஆறேகாலுக்குப் புறப்படுவார்கள். பல் வைத்தியர் மூன்று பல்லைப் பிடுங்க வேண்டும் என்றால் ஒன்றரையில் ஆரம்பிப்பார்கள். சொன்ன எண்ணைக் கொடுக்கிறவன் ஏமாளி என்பது அவர்கள் தாய்ப்பாலோடு குடித்த பாடம். பெரிய நாக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

"கடைசியா எவ்வளவுன்னு சொல்லுங்க டாக்டரம்மா."

"நானூறு."

"அது எல்லாருக்கும் சொல்றது. நமக்குள்ள பேசிக்கலாம். நூத்தம்பது."

டாக்டர் பேனாவை மறுபடி கையில் எடுத்தாள். இந்த நானூறே கழிவு போட்டுச் சொல்கிற கணக்கு என்று சொன்னாள். சாப்பாட்டில் இருக்கிற ஃபோலேட்டில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் ஒட்டும். அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் நானூறு. கழித்த சரக்கில் மறுபடி கழிவு கேட்கக் கூடாது. பெரிய நாக்கு இருநூறுக்கு ஏறினார். சாப்பிடுகிற ஆளின் வயசு, எடை, இதையெல்லாம் பார்க்க மாட்டீர்களா என்றார்.

"பிள்ள சுமக்கிறவங்களுக்கு அறுநூறு. நீங்க நாக்க மட்டும்தானே சுமக்கிறீங்க, அதனால நானூறு. இதுக்குக் கீழ இறங்கணும்னா வேற டாக்டரத்தான் பாக்கணும்."

காலியான கிடங்கை நிரப்ப நாலு மாதத்துக்கு மாத்திரையும் எழுதினாள். பி பன்னிரண்டு என்ற இன்னொரு சத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டதாகவும், அது குறைந்திருக்கும்போது இந்த மாத்திரையைக் கொடுத்தால் ரத்தம் தேறின மாதிரி காட்டி நரம்பைத் தின்றுவிடும் என்றும், நல்லவேளை அவருக்கு அது சரியாக இருக்கிறது என்றும் சொன்னாள். ஆனால் மாத்திரை முடிந்த பிறகும் சாப்பாட்டில் தினம் நானூறு வந்துகொண்டே இருக்க வேண்டும், உடம்பு இதை வருஷக்கணக்கில் சேர்த்துவைக்கிற ஜாதி இல்லை என்று கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தாள். பெரிய நாக்கு அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பேரத்துக்குப் படியாத ஆளிடம் சரக்கும் இருக்காது என்று படியிறங்கும்போது முடிவு கட்டினார்.

வீட்டில் மனைவியிடம் டாக்டர் இருநூறு சொன்னதாகச் சொன்னார். அவள் கை நீட்டிப் பட்டியலை வாங்கினாள். அவளுடைய அப்பா செருப்புக் கடைக்காரர். பேரம் பேசியே தொண்டை கட்டிப்போகிற அந்தக் கடைவீதியில் 'ஒரே விலை' என்று பலகை மாட்டியிருந்த ஒரே கடை அவருடையது. பலகையைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனவர்கள் சாயங்காலம் திரும்பி வந்து வாங்குவார்கள். பெரிய நாக்கு கல்யாணப் பேச்சின்போது அந்தக் கடையில் ஒரு ஜோடி செருப்புக்குப் பேரம் பேசிப் பார்த்து, வெறுங்காலோடு வெளியே வந்தவர்.

அவள் பட்டியலை நின்றபடியே படித்தாள். தலைப்பிலேயே 'தினம் நானூறு' என்று இருந்தது. வெந்த பருப்பு ஒரு கிண்ணத்தில் முந்நூற்று ஐம்பது. வெந்த கீரை அரைக் கிண்ணத்தில் நூற்றுச் சொச்சம். ஆரஞ்சு ஒன்றில் நாற்பது. முட்டை ஒன்றில் இருபது. கடைசி வரியில் டாக்டர் தன் கையால் எழுதியிருந்தாள்: இந்தச் சத்து தண்ணீரில் கரைந்து போகும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது. அந்த வரியை அவள் இரண்டு தரம் படித்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா நம்ம வீட்டுச் சாக்கடைக்கு நல்ல போஷாக்கு. உங்களுக்குச் சக்கை."

அவர் முட்டையே போதும் என்றார். இருபது முட்டை தின்றால் நானூறு ஆகும், அதுக்கு நீங்கள் முட்டைக் கடையிலேயே குடியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பருப்பை நனைக்கப் போனாள். அவர் சமையலறை வாசலில் நின்று முந்நூறு வரைக்கும் ஏறி வந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றார். அரைக் கிண்ணம் பருப்பு, மிச்சத்தைப் பாலில் பார்த்துக்கொள்வோம் என்றார். அவளிடம் அவர் பருப்பு வேகவில்லை; அடுப்பில் இருந்த பருப்பு நன்றாகவே வெந்துகொண்டிருந்தது. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஏங்க, எங்க அப்பா கடையில உங்களுக்கு ஒரு தடவ சொன்னாங்களே, மறந்துட்டீங்களா? நானூறு. ஒரே விலை. வேணாம்னா இந்த அடுப்ப அணைச்சிட்டு நான் போய்ப் படுத்துக்குவேன். ஆபீஸ்ல போய் முப்பது கப் வெந்நீர் குடிச்சிட்டு வாங்க."

அன்று முதல் அவர் தட்டில் ஒரு கிண்ணம் பருப்பு, அடியில் தேங்கிய தண்ணீரோடு கீரை. சாயங்காலம் ஒரு மாத்திரை, அவள் கண்ணெதிரில், தண்ணீரோடு. முதல் வாரம் அவர் தின்ற அழகைப் பார்த்தால் கைதிக்குக் கூட இரக்கம் வரும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு விமர்சனம் வைத்திருந்தார். இந்தப் பருப்பு இரண்டாந்தரம், இந்தக் கீரை முற்றல், இந்தத் தண்ணீர் மேல் பச்சை நிறமே வழக்குப் போடலாம். சுவையே தெரியாத வாயால் இத்தனை குறை சொல்ல முடியும் என்பது ஒரு தனித் திறமைதான். அவள் கேட்டுக்கொண்டே கிண்ணத்தின் அடியைக் கரண்டியால் வழித்து அவர் தட்டில் போட்டாள்.

ஆபீசில் பழைய கதை ஓடியது. அடுத்த நாக்கின் மூக்கு, உதடு, பிறகு இவர் புருவம். மதியம் வழக்கம்போல ஜன்னல் பக்கம் போய் நின்றார். அந்தப் பயற்று டப்பாவில் மட்டும் எவ்வளவு இருக்கும் என்று ஒரு நாள் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஐந்நூறைத் தொட்டது. வயிறு எரிந்தது.

ஐந்தாவது வாரம். பரீட்சைக்காக மேசையை மூடி, புதுச் சாம்பிள்களைப் பூட்டி வைத்துவிட்டார்கள். யாருக்கும் கப் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து பால் குடித்தவர் தம்ளரைக் கீழே வைத்தார். பால் அடுப்பில் ஒரு நொடி கூடுதலாக நின்று லேசாக அடிப்பிடித்த வாசம். மறுபடி குடித்துப் பார்த்தார். ஆமாம், அடிப்பிடித்த வாசம்தான். கண்ணாடி முன்னால் போய் நாக்கை நீட்டினார். சிவப்பு வடிந்து, அங்கங்கே பழைய சொரசொரப்பு முளைத்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டு, பாலைக் காய்ச்சத் தெரியாதா என்று சத்தம் போட்டார். அந்த வீட்டில் அத்தனை சந்தோஷமாக ஒரு திட்டு அதற்கு முன் விழுந்ததில்லை. அவள் தம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

பரீட்சை நாள். தனி அறை, வெள்ளை மேசை, முப்பது கப், கையில் காகிதத்தோடு தலைமை ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர். பெரிய நாக்கு கரண்டியை எடுத்து உறிஞ்சினார். துவர்ப்பு இருந்தது. புகை இருந்தது. ஈரக் கிடங்கில் கிடந்த சரக்கின் பூஞ்சை வாடை பதினோராவது கப்பில் கன்னத்தின் உள்பக்கம் வந்து உரசியது. பழைய கூர்மை முழுசாகத் திரும்பவில்லை; நாலு கப்பில் தடுமாறினார். இருபத்தாறு. வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தமக்கு வந்த பெருமூச்சை ஒரு அலட்சியமான கொட்டாவியாக மாற்றினார்.

அடுத்த நாக்கு வெளியே வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. முப்பதுக்கு ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிளி சீட்டு எடுத்தால் கூட அதைவிடக் கூடுதலாக வரும். ஒரே தேயிலை மூன்று இடத்தில் வந்ததற்கு மூன்று தனித்தனி விலை எழுதியிருந்தான்.

பெரிய நாக்கு அவனைப் படிக்கட்டு மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். எப்போதிலிருந்து என்று கேட்டார். அவன் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது; ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி.

"நாலு வருஷமாச்சுண்ணே. ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதோட வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. வெங்காயமும் எலுமிச்சையும் கொஞ்சம் உறைக்கும், அதான் அத்தன போட்டுத் திங்கிறேன்."

"அப்ப விலை எப்படிடா எழுதுன?"

"உங்க புருவந்தான். நீங்க துப்பினப்புறம்தானே எழுதுவேன்."

பெரிய நாக்கு விரல் விட்டுக் கணக்குப் போட்டார். நாலு வருஷம் சரி. அதில் மூன்றே முக்கால் வருஷம் அந்தப் புருவத்துக்குப் பின்னால் ஒரு நாக்கு இருந்தது. கடைசி மூன்று மாதம்? இவன் மூக்கைப் பார்த்து அவர் புருவத்தைத் தூக்கினார். அவர் புருவத்தைப் பார்த்து இவன் விலை எழுதினான். இவன் மூக்கு எதற்காக விரிந்தது? கேட்டார். தூசியாக இருக்கும் அண்ணே, அந்த அறையில் தூள் பறக்குமே என்றான். உதடு? ஒரு கடைவாய்ப் பல் ஆடுவதாகச் சொன்னான்.

ஆயிரத்துச் சொச்சம் லாட். ஒரு தூசிக்கும் ஒரு ஆட்டப் பல்லுக்கும் விலை வைத்து விற்றிருக்கிறார்கள். வாங்கினவர்கள் கலந்து, பொட்டலம் கட்டி, பெட்டியின் மேல் தங்க எழுத்தில் என்னென்னவோ அச்சடித்து விற்றிருக்கிறார்கள். குடித்தவர்கள் ஆஹா என்றிருக்கிறார்கள். உலகத்தைப் பற்றித் தாம் வைத்திருந்த அபிப்பிராயம் எவ்வளவு சரி என்று பெரிய நாக்குக்கு ஒரு திருப்தி வந்தது. அதே உலகத்தில் தாமும் ஒரு ஆள் என்பது அடுத்தபடியாக வந்தது. அதை வேகமாகத் தாண்டிப் போனார்.

"கடைசி மூணு மாசம் எப்படி இருந்துச்சு என் புருவம்?" என்று மட்டும் கேட்டார்.

"அந்த மூணு மாசந்தான் அண்ணே ரொம்பத் தெளிவா இருந்துச்சு. முன்னெல்லாம் நீங்க கொஞ்சம் குழப்புவீங்க."

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசையில் பதிவேடு திறந்திருந்தது. தலைமை ஆபீசுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றார். இந்த ஆள் பரீட்சையில் ஒன்பது வாங்கியிருக்கிறான். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் இரண்டு பேருடைய விலையும் ஒத்துப்போயிருப்பது மாதிரி இந்தக் கம்பெனி சரித்திரத்திலேயே ஒத்துப்போனதில்லை. சட்டப்படி அவனை அனுப்ப வேண்டியதுதான். அந்த இடத்துக்கு வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் மனுப் போட்டிருக்கிறாள், அங்கே நடந்த பரீட்சையில் முப்பதுக்கு இருபத்தொன்பது, வந்ததும் பழைய சாம்பிள்களை எடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாளாம் என்று காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். மூத்தவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்.

பெரிய நாக்கு அந்த மனுவை முழுசாகப் படித்தார். நல்ல கையெழுத்து. சுத்தமான நாக்கு என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மனசார மரியாதை கொடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் காகிதத்தில் இருந்தாள். அவள் எதிரே உட்கார்ந்து, கிடங்கில் இருக்கும் அந்த மூன்று மாதச் சாம்பிள்களை ஒவ்வொன்றாக உறிஞ்சி, பதிவேட்டைத் திறந்து, தலையை நிமிர்த்தித் தம்மைப் பார்ப்பதை யோசித்தார்.

"அவன் பரீட்சைன்னா கை கால் உதறுற ஆள் சார்" என்றார் மேனேஜரிடம். "ஒருத்தர் கூட உக்காந்தா சரியாயிடுவான். அடுத்த தடவைக்கு நான் தயார் பண்ணிடுறேன்."

மேனேஜருக்கும் அது வசதியாக இருந்தது. புது ஆளுக்கு நாற்காலி, மேசை, அலமாரி என்று ஆயிரம் வேலை. பேனாவை எடுத்துக் கொடுத்தார். பெரிய நாக்கு மனுவின் மூலையில், அழகாக, நிதானமாக எழுதினார்: 'நாக்கு நன்று. அனுபவம் போதாது.' கீழே கையெழுத்தைப் போட்டு, மை காயட்டும் என்று இரண்டு தரம் ஊதினார்.